இன்ஜினுக்குக் குளிர்ந்த காற்று: 52ஆவது பிரிவு எதைத் தடுக்கிறது, அலுவலகத்தில் எதைக் கேட்டு வாங்க வேண்டும்

ஒரு வண்டியின் பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களோடு மாறுபடும்படி அந்த வண்டியில் மாற்றம் செய்யக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52ஆவது பிரிவு. கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம் 182ஏ(4) என்ற பிரிவைச் சேர்த்து, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்தது. சட்டப் பின்னணி இவ்வளவு போதும். இன்ஜினுக்குக் குளிர்ந்த காற்று போகும்படி காற்றுக் குழாயையும் ஃபில்டரையும் மாற்றுவது இதில் எங்கே வருகிறது என்பதுதான் கேள்வி. சம்பாதித்த காசில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி, ஆசையோடு வேலை பார்த்து, பிறகு பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய் நாள்கணக்கில் வராந்தாவில் நிற்கிற பாளையங்கோட்டைப் பையன்களைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

காற்று எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு அடர்த்தியாக இருக்கும். அடர்த்தி கூடினால் ஒவ்வொரு முறையும் சிலிண்டருக்குள் போகும் ஆக்சிஜன் கூடும். அக்னி நட்சத்திரத்தில் வெளிக்காற்று 40 டிகிரி இருக்கும்போது, வண்ணார்பேட்டை நெரிசலில் நின்று நகரும் காரின் பானட்டுக்குள் இருக்கும் காற்று 65 டிகிரியைத் தொட்டால், வெளிக்காற்று அதைவிட ஏறக்குறைய எட்டு சதவீதம் அடர்த்தியானது. அந்த எட்டும் அப்படியே சக்கரத்துக்கு வந்து சேராது என்றாலும், சூடான காற்றை உறிஞ்சும் இன்ஜினில் நாக்கிங்கை (எரிபொருள் தாறுமாறாக வெடித்து இன்ஜின் தட்டுவதை) தவிர்க்க, இசியூ எனும் இன்ஜின் கணினி பற்றவைப்பு நேரத்தைத் தள்ளிப்போடுவதால், வேறுபாடு ஓட்டுகிறவருக்குத் தெரியவே செய்யும். டர்போ வண்டியென்றால், அழுத்தப்பட்ட காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர்தான் முதலில் கவனிக்க வேண்டியது. பணம் செலவழிக்கும் முன்பு காரின் கணினியிலிருந்து அளவுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் ஒன்றைச் செருகி, உள்ளே போகும் காற்றின் வெப்பநிலை வெளியைவிட எத்தனை டிகிரி கூடுதல் என்று ஓடும் வண்டியில் பாருங்கள். பல கார்களில் கம்பெனியே கிரில்லுக்குப் பின்னாலிருந்தோ ஃபெண்டருக்குள்ளிருந்தோ காற்றை எடுத்து வருகிறது. அதைக் கழற்றிவிட்டு, சூடேறும் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் திறந்த கூம்பு ஃபில்டரை மாட்டுகிறவர்கள் முன்பைவிடச் சூடான காற்றையே இன்ஜினுக்குக் கொடுக்கிறார்கள். சத்தம் கூடியதைச் சக்தி கூடியதாக நம்பிவிடுகிறார்கள்.

இனி, 52ஆவது பிரிவு எந்த மாற்றத்தைப் பற்றிப் பேசுகிறது என்பதைக் கவனியுங்கள். வண்டியின் அடிப்படை அம்சம் மாறும்படி அதன் கட்டமைப்பில் செய்யப்படும் மாற்றமே மாற்றம் என்று அந்தப் பிரிவின் விளக்கக் குறிப்பு சொல்கிறது. ஆர்.சி. எனும் பதிவுச் சான்றிதழில் இன்ஜின் எண், சேசிஸ் எண், கன அளவு, எரிபொருள், பாடி வகை, நிறம், இருக்கை எண்ணிக்கை, எடை முதலியவை இருக்கின்றன. காற்று ஃபில்டரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கம்பெனிப் பெட்டிக்குள்ளேயே வேறு ஃபில்டரைப் போடுவது, பெட்டிக்கும் இன்ஜினுக்கும் இடையே வெப்பத் தடுப்புத் தகடு வைப்பது, ஏற்கெனவே இருக்கும் கிரில் திறப்பிலிருந்து பெட்டி வரை ஒரு குழாய் கொண்டுவருவது ஆகியவை அந்த விளக்கத்துக்குள் வருவதாக என்னால் எண்ண முடியவில்லை. பானட்டை வெட்டித் திறப்பு வைப்பது, ஃபெண்டரை அறுப்பது, இசியூவின் மென்பொருளை மாற்றி (ரீமேப் செய்து) குதிரைத்திறனை மாற்றுவது ஆகியவை வேறு வகை. அவற்றைச் செய்துவிட்டு ஃபில்டர்தான் மாற்றினேன் என்று எந்த ஆய்வாளரிடமும் சாதிக்க முடியாது. பானட்டில் அரம் வைக்காதீர்கள்.

மெக்கானிக்குகள் சொல்லாமல் விடும் பொறி ஒன்று இருக்கிறது. வால்வ் கவரிலிருந்து காற்றுக் குழாய்க்குப் போகும் சிறிய ரப்பர் ஹோஸ், கிராங்க்கேஸின் (இன்ஜினின் அடிப்பகுதியின்) எண்ணெய்ப் புகையை மீண்டும் இன்ஜினுக்குள்ளேயே அனுப்பி எரிப்பதற்காக வைக்கப்பட்டது. புதிய குழாயில் அதற்கு இணைப்பு வாய் இல்லையென்றால், ஹோஸின் முனையில் கட்டைவிரல் அளவு ஃபில்டர் ஒன்றைச் செருகி அப்படியே தொங்கவிட்டுவிடுவார்கள். சில வாரங்களில் பானட்டின் உட்புறம் அந்த இடத்தில் மட்டும் பழுப்பு நிறத்தில் எண்ணெய் படிந்து, அதன்மேல் தேரி மண் ஒட்டிக்கொண்டிருக்கும். பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) பானட்டைத் தூக்கியதும் முதலில் அவர் கண்ணில் படுவது அதுதான். அது மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பைத் துண்டித்த செயல். 190(2)ஆவது பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம், மூன்று மாதம் உரிமம் வைத்திருக்கும் தகுதியும் போய்விடும். குழாயின் உள்விட்டம் கம்பெனிக் குழாயிலிருந்து மாறினாலும் தொல்லைதான், ஏனென்றால் காற்றளவு சென்சார் தவறாகக் கணக்கிட்டு எரிபொருள் கலவை பிசகிவிடும். பி.எஸ். 4, பி.எஸ். 6 மாசுத் தரப் பெட்ரோல் கார்களுக்குப் புகைச் சோதனையில் ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள்ளும், 2,500 சுழற்சி அளவில் லாம்டா (காற்று, எரிபொருள் விகித அளவு) 0.97-க்கும் 1.03-க்கும் இடையிலும் இருக்க வேண்டும். வேலை முடிந்த அன்றே சோதனை செய்து சான்றிதழை வாங்கி வையுங்கள்; பழைய சான்றிதழ் இன்னும் செல்லும் என்று விட்டுவிடாதீர்கள்.

வாரன்டி பற்றியும் ஒரு பாதி உண்மை சுற்றி வருகிறது. மாற்றம் செய்தாலும் வாரன்டி போகாது என்று 2019 திருத்தம் சொல்வதாகக் கடைக்காரர் சொல்வார். மத்திய அரசு வகுத்த விவரக்குறிப்பின்படியும் ஒப்புதலின்படியும் செய்யும் மாற்றத்துக்கே அந்தப் பாதுகாப்பு. பெயர் தெரியாத அலுமினியக் குழாய்க்கு அது கிடையாது. கடன் தீராத வண்டியென்றால் நிதி நிறுவனத்தின் எழுத்துப்பூர்வமான சம்மதமும் இல்லாமல் கை வைக்க வேண்டாம்.

இழுத்தடிப்பு பெரும்பாலும் இரண்டு இடங்களில் நடக்கிறது. ஒன்று, பதினைந்து ஆண்டு முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும்போது. மற்றொன்று, செங்கோட்டை வழியாகவோ களியக்காவிளை வழியாகவோ வாங்கி வந்த கேரளப் பதிவுக் காரை இங்கே மாற்றிப் பதியும்போது (பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும்). புதுப்பித்தலுக்குப் பதிவு முடிவதற்கு 60 நாள் முன்பிருந்தே பரிவாகன் தளத்தில் விண்ணப்பிக்கலாம். கடைசி வாரம் வரை காத்திருந்தால் ஒரு சிறு ஆட்சேபமே காலக்கெடுவைத் தாண்ட வைத்துவிடும். கேரளக் காரை வாங்குகிறவர்கள், பழைய உரிமையாளர் கழற்றிய கம்பெனி ஏர்பாக்ஸையும் (காற்று ஃபில்டர் பெட்டியையும்) சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் வந்த காரை ஆய்வுக்குக் கொண்டுபோனவர் அந்தப் பெட்டிக்காக மதுரை வரை அலைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஆய்வுக்கு நிறுத்திய வண்டியைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஆகாது, ஒரிஜினலா மாத்திக் கொண்டாங்க" என்று வாயால் சொல்லி அனுப்பிவிடுவதே வழக்கமாக இருக்கிறது. எது ஆகாது, எந்த விதியின்படி ஆகாது என்று சொல்வதில்லை. மாற்றிக் கொண்டுபோனால் அடுத்த முறை வேறொன்று ஆகாது. அதற்குள், "அண்ணாச்சி, ஆள் மூலமா போனா உடனே முடிச்சுத் தருவாவ" என்று வாசலில் ஒருவர் வந்துவிடுவார். சட்டத்தின் 45ஆவது பிரிவு இந்த இடத்தில் உங்கள் பக்கம் நிற்கிறது: பதிவையோ புதுப்பித்தலையோ மறுத்தால், மறுப்பாணையின் நகலைக் காரணங்களுடன் விண்ணப்பதாரருக்குத் தர வேண்டியது பதிவு அதிகாரியின் கடமை. அந்த ஆணை கையில் இருந்தால், 57ஆவது பிரிவின்படி 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். வாயால் சொன்ன மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய வழியே இல்லை. எழுதித் தராமல் இருப்பதன் பலன் யாருக்கு என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். ஆகவே மரியாதையாக, உரத்த குரல் இல்லாமல், "ஐயா, 45ஆவது பிரிவின்படி காரணத்தோடு ஆணையாகக் கொடுங்கள், நான் சரிசெய்து கொண்டுவருகிறேன்" என்று வெள்ளைத்தாளில் எழுதி, தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். முத்திரை மறுக்கப்பட்டால் அதே நாளில் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையுடன் அனுப்புங்கள். பதில் வராவிட்டால், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, என் விண்ணப்பத்தின் இன்றைய நிலை என்ன, ஆய்வுக் குறிப்பின் நகல், ஆட்சேபத்துக்கான விதியின் எண் ஆகிய மூன்றை மட்டும் கேட்டு, பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். ஏன், எதற்கு என்று விளக்கம் கேட்டு எழுதும் மனுக்கள் எளிதாகத் தள்ளப்படுகின்றன. இருக்கும் ஆவணத்தைக் கேளுங்கள்.

நான்குவழிச் சாலைச் சோதனையில் நிறுத்தினால், டிஜிலாக்கரில் உள்ள ஆர்.சி.யும் காப்பீடும் செல்லும். 207ஆவது பிரிவு வண்டியைப் பிடித்து வைக்க அனுமதிக்கும் காரணங்களில் உரிமம் இல்லாமை, பதிவு இல்லாமை, பர்மிட் மீறல் போன்றவை இருக்கின்றன. 52ஆவது பிரிவு அங்கே இல்லை. அங்கேயே வாதாடாமல், எந்தப் பிரிவு என்று சலானில் எழுதி வாங்குங்கள். ஏற்க முடியாத சலானுக்குப் பணம் கட்டிவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும்; கட்டாமல் மறுத்து முறையிடலாம்.

பணம் அதிகமாகப் போவது காப்பீட்டில். குளிர்ந்த காற்று வேண்டும் என்று குழாயின் வாயை பம்பருக்குக் கீழே, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் கொண்டுபோய் வைக்கிறார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி ஊருக்குள் வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வளவு வெள்ளம்கூடத் தேவையில்லை. ஐப்பசி மழையில் ரயில்வே சுரங்கப் பாலத்தில் தேங்கும் தண்ணீரே போதும். தண்ணீர் அமுங்காது என்பதால் சிலிண்டருக்குள் போன மாத்திரத்தில் பிஸ்டனை இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒரு பையனின் காரில், காப்பீட்டு நிறுவனத்துக்காகச் சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயர் ஃபில்டரை எடுத்துக் கையால் பிழிந்தார், சேற்றுத் தண்ணீர் சொட்டியது. கம்பெனி அமைப்பில் இல்லாத குழாய் என்று எழுதி, கோரிக்கை தள்ளப்பட்டது. எனவே குழாயின் வாயை ஹெட்லைட் மட்டத்துக்குக் கீழே இறக்காதீர்கள். மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, பாலிசியில் குறிப்பேற்றிக்கொள்ளுங்கள். இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் காப்பு இல்லாவிட்டால் தண்ணீர் புகுந்த இன்ஜினுக்குப் பெரும்பாலும் பணம் வராது. அது ஏற்கெனவே பாலிசியில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். தண்ணீரில் நின்ற வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது.

கோரிக்கை தள்ளப்பட்டால், சர்வேயர் அறிக்கையின் நகலை எழுதிக் கேட்டு வாங்கி, முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை என்றாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. தவறான குழாயை விற்ற கடையின் மீது, நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம். 5 லட்ச ரூபாய் வரை கட்டணமில்லை. இதற்கெல்லாம் ரசீது வேண்டும். பொருளின் பெயரும் உங்கள் வண்டி எண்ணும் எழுதிய ரசீதைத் தர மறுக்கும் கடையில் வேலைக்கு வண்டியை விடாதீர்கள்.