வீட்டில விளையிறதையும் வளக்கிறதையும் விக்க என்ன பதிவு வேணும்? திருகோணமலை ஆக்களுக்கான விளக்கம்

வளவில நிக்கிற கத்தரி, மிளகாய், பயித்தங்காய், நாலு ஆடு, கொஞ்சக் கோழி, இவ்வளவத்தையும் வச்சு ஒரு சின்னத் தொழில் நடத்த லைசன்ஸ் எடுக்கோணுமா எண்டு கன பேர் கேக்கினம். அரைவாசிப் பேர் ஒண்டும் தேவையில்ல எண்டு நினைச்சு இருக்கினம், மிச்சப் பேர் எல்லாத்துக்கும் கடிதம் வேணுமாம் எண்டு பயந்துபோய் வாசலுக்கு வாற யாவாரி சொன்ன விலைக்கே குடுத்திட்டு இருக்கினம். ரெண்டுமே சரியில்ல. என்னத்த விக்கிறீங்க, பச்சையா விக்கிறீங்களா பதப்படுத்தி விக்கிறீங்களா, எங்க வச்சு விக்கிறீங்க, இந்த மூண்டையும் பொறுத்துத்தான் சட்டம் மாறும்.

முதல்ல மரக்கறி. உங்கட வளவில விளைஞ்சத கேற்றடியில வச்சு அக்கம்பக்கத்துக்குக் குடுக்கிறதுக்கோ, யாவாரிக்கு நிறுத்துக் குடுக்கிறதுக்கோ தனியா ஒரு லைசன்ஸ் எண்டு யாரும் கேக்கிறதில்ல. சந்தையில இடம் எடுத்து இருந்தா சபைக்கு அந்த இடத்துக்கான காசு கட்டோணும். கடை மாதிரி ஒண்டு போட்டு நிரந்தரமா நடத்துறதெண்டா வியாபார உரிமம் வேணுமா எண்டு டவுனுக்குள்ள மாநகரசபையிலயும், நிலாவெளி, தம்பலகாமம், மூதூர் பக்கமெண்டா உங்கட பிரதேச சபையிலயும் கேட்டு எடுங்கோ. இது வருசா வருசம் புதுப்பிக்கிற விசயம், ஒருக்கா எடுத்தாச்சு எண்டு விட்டிடாதேங்கோ.

தராசப் பத்திக் கட்டாயம் சொல்லோணும், ஏனெண்டா ஏமாறுறது கூட இதிலதான். 1995ம் ஆண்டு 35ம் இலக்க அளவீட்டு அலகுகள் சட்டப்படி வியாபாரத்துக்குப் பாவிக்கிற தராசையும் படிக்கல்லையும் வருசம் ஒருக்கா குடுத்துச் சரிபார்த்து முத்திரை அடிக்கோணும். இது உங்களுக்கும்தான், உங்களிட்ட வாங்க வாற யாவாரிக்கும்தான். நிலாவெளி குச்சவெளிப் பக்கம் சின்ன வெங்காயம் செய்யிற ஆக்கள் சாக்குச் சாக்கா நிறுத்துக் குடுக்கேக்க யாவாரி கொண்டு வாற கொக்கித் தராசத் தூக்கித் திருப்பிப் பாருங்கோ, முத்திரை இருக்கா, எந்த வருசத்து முத்திரை எண்டு. இல்லாட்டி அந்தத் தராசில நிறுக்க மாட்டன் எண்டு சொல்ல உங்களுக்கு முழு உரிமையும் இருக்கு. ஒரு சாக்குக்கு ஒரு கிலோ பிழைச்சாலே ஒரு போகத்துக்கு எவ்வளவு போகும் எண்டு நீங்களே கணக்குப் பாருங்கோ, அதுக்கு மேல கழிவு எண்டு வேற வெட்டுவினம். உங்கட பக்கமும் குசினியில மா நிறுக்கிற சின்ன டிஜிற்றல் தராச யாவாரத்துக்குப் பாவிக்காதேங்கோ.

விளைச்சலுக்கு அடுத்தது கமநல சேவை நிலையம். 2000ம் ஆண்டு 46ம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டத்துக்குக் கீழதான் கமக்காரர் அமைப்பும் பதிவும் நடக்குது. காணி சின்னன், எங்களையெல்லாம் பதிவாங்களா எண்டு யோசிச்சு வீட்டில இருக்கிறதில பிரயோசனம் இல்ல, போய்க் கேளுங்கோ. மானியம், விதை, காப்புறுதி எல்லாம் வரேக்க முதல்ல பாக்கிறது அங்க உங்கட பேர் இருக்கா எண்டுதான். கூடுதலா வீட்டுத்தோட்டம் செய்யிறது பொம்பிளையள், ஆனா பதிவில இருக்கிறது புருசன்ட பேர். அவர் கடலுக்கோ வெளிநாட்டுக்கோ போயிருப்பார், காணிக்குள்ள நிண்டு பாடுபடுறவக்கு ஒரு துண்டும் இருக்காது. செய்யிறவவின்ட பேரப் போடுங்கோ.

இனி ஆடு மாடு, பிரச்சனை கூட வாறது இதில. தொடங்க வேண்டிய இடம் மாட்டாஸ்பத்திரி, அதாவது அரச கால்நடை வைத்தியர் அலுவலகம். அங்க பண்ணைப் பதிவு செய்யலாம், ரெண்டு மாடு நிண்டாலும் பரவாயில்ல. மாட்டின்ட காதில நம்பர் டேக் அடிப்பினம், எத்தின நிக்குது எண்டு எழுதுவினம், தடுப்பூசி போட்டத பதிவினம். இது ஏன் முக்கியம் எண்டா, 2022 டிசம்பர்ல வந்த குளிரில வடக்கு கிழக்குல ஆயிரத்துக்கு மேல ஆடு மாடு செத்துது, அந்த நேரம் இந்த ரெண்டு மாகாணத்தில இருந்தும் இறைச்சி வெளிய கொண்டு போறதையே கொஞ்ச நாள் நிப்பாட்டி வச்சவை. அப்பிடி ஒரு நாள் வந்தா, பதிவில இல்லாத மாட்ட என்ர மாடு எண்டு சொல்லி எத வச்சு நிரூபிக்கப் போறீங்க? காப்புறுதி செய்யிறதுக்கும் இந்தப் பதிவு இருந்தா அலைச்சல் குறைவு. விவசாய மற்றும் கமநலக் காப்புறுதிச் சபை பயிருக்கு மட்டுமில்ல, கால்நடைக்கும் காப்புறுதி செய்யுது, இது கன பேருக்குத் தெரியாது.

உயிரோட விக்கிறதெண்டா அடுத்தது கொண்டு போற விசயம். மாட்ட ஒரு பிரதேசத்தில இருந்து இன்னொரு பிரதேசத்துக்கு ஏத்திறதெண்டா சும்மா லொறியில ஏத்தேலாது. 1958ம் ஆண்டு 29ம் இலக்க விலங்குகள் சட்டப்படி அனுமதிப்பத்திரம் வேணும், மிருக வைத்தியர் பாத்துத் தாற சுகாதாரச் சான்றிதழும் வேணும். ஆட்டுக்கும் எத எடுக்கோணும் எண்டு அங்கயே கேட்டு எடுத்துக்கொண்டு போங்கோ. இரவில ஏத்தேலாது, காலம 6 மணிக்கும் பின்னேரம் 6 மணிக்கும் இடையிலதான். கையில கிடைச்ச உடன அந்தப் பேப்பர வடிவா வாசியுங்கோ: எத்தின உருப்படி, ஆணா பொண்ணா, என்ன நிறம், என்ன குறி, டேக் நம்பர், எங்க இருந்து எங்க, எந்தத் திகதி, வாகன நம்பர். தம்பலகாமத்தில ஏத்தின மாடு கிண்ணியாவுக்குப் போகுது எண்டு வைப்போம், பேப்பரில மூண்டு, லொறியில நாலு எண்டா செக்பொயின்ற்ல மறிச்சா நாலும் பொலிசுக்குப் போகும், வழக்கு முடியுமட்டும் திரும்பக் கிடைக்காமலும் போகலாம். அந்த நாலாவது மாட்ட வேற ஆரோ ஏத்தி விட்டது எண்டு சொல்லி அங்க நிண்டு வேலையில்ல. அதால வாங்க வாறவர் 'பேப்பர் எல்லாம் நான் பாக்கிறன் நீங்க மாட்டத் தாங்கோ' எண்டு சொன்னா விடாதேங்கோ, உங்கட பேரில நிக்கிற மாடு, முறையா உரிமைய மாத்திக் குடுத்து அதின்ட பிரதிய வீட்டில வையுங்கோ. பிறகு அந்த மாடு எங்கயாவது களவு மாட்டோட பிடிபட்டா உங்களத்தான் தேடி வருவினம்.

ஹஜ் பெருநாள் நேரத்தில கிண்ணியா, மூதூர்ப் பக்கம் ஆட்டுக்கும் மாட்டுக்கும் நல்ல கிராக்கி இருக்கும், கடைசிக் கிழமையில எல்லாரும் ஒரே அடியா மாட்டாஸ்பத்திரியில போய் நிப்பினம். சான்றிதழ் வேலைய முன்னமே பாருங்கோ. கால்-வாய் நோய் (மாட்டுக்கும் ஆட்டுக்கும் காலிலயும் வாயிலயும் புண் வாற தொற்று நோய்) வந்த இடமெண்டு அறிவிச்சா கொண்டு போறதையே தடுப்பினம், அந்த நேரம் எந்தப் பேப்பரும் உதவாது.

அறுத்து இறைச்சியா விக்கிறது வேற சட்டம். 1893ம் ஆண்டு 9ம் இலக்க இறைச்சிக்கடைக்காரர் கட்டளைச் சட்டம் எண்டு பழைய சட்டம் ஒண்டு இண்டைக்கும் இருக்கு, ஆடு மாடு அறுத்து விக்கிறதுக்கு சபையின்ட லைசன்ஸ் வேணும். வீட்டில அறுத்துப் பங்கு போட்டு விக்கிறது பிடிபட்டா குற்றம்தான். வளக்கிறவைக்கு நான் சொல்லுறது, உயிரோட வித்திட்டு நிம்மதியா இருங்கோ. கோழிய உரிச்சுப் பக்கெற் பண்ணிக் குடுக்கப் போறீங்க எண்டா முதல்ல உங்கட பி.எச்.ஐ.ய, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகரக் கேளுங்கோ.

பால், தயிர் விக்கிறவையும் கவனமா இருக்கோணும். மில்கோ மாதிரிப் பால் வாங்கிற கொம்பனியளின்ட சேகரிப்பு நிலையத்துக்கு ஊத்துறதெண்டா விலை லீற்றருக்கு மட்டும் இல்ல, கொழுப்பு எவ்வளவு, மற்றத் திண்மம் எவ்வளவு எண்டு பாத்துத்தான் போடுவினம், அதால உங்கட பாலின்ட ரெஸ்ற் ரிசல்ற்ற ஒவ்வொரு முறையும் எழுதி வாங்குங்கோ. வீட்டில தயிர் போட்டு சட்டியில விக்கிறது, மிளகாய்த்தூள், ஊறுகாய், இதெல்லாம் பதப்படுத்தின சாப்பாடு, 1980ம் ஆண்டு 26ம் இலக்க உணவுச் சட்டத்துக்குள்ள வந்திடும். பி.எச்.ஐ. வந்து குசினி, தண்ணி, பாத்திரம் பாப்பார், பக்கெற்றில பேர், நிறை, செய்த திகதி, முடியிற திகதி, செய்தவரின்ட விலாசம் எல்லாம் இருக்கோணும். அவரக் கண்டு ஒளிக்காதேங்கோ, அவரே வந்து பாத்துச் சரியெண்டு சொன்னா கடைக்காரருக்கும் உங்கட சாமான எடுத்து வைக்கத் தயக்கம் இருக்காது.

பேர் வச்சு நடத்துறதெண்டா வியாபாரப் பெயர்ப் பதிவு. உங்கட முழுப்பேரிலயே யாவாரம் செய்தா இது கட்டாயமில்ல, 'கன்னியா பண்ணை' மாதிரி ஒரு பேர் வச்சா பதியோணும். இதுக்குப் பிரதேச செயலகத்துக்குப் போங்கோ, ஜி.எஸ். (கிராம சேவகர்) உறுதிப்படுத்தின கடிதம், ஐ.சி. (அடையாள அட்டை) கொப்பி, இடத்தின்ட உறுதியோ வாடகை ஒப்பந்தமோ கொண்டு போனா நல்லம். நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்காரர் சீசனில முட்டை, மரக்கறி, தயிர் எல்லாம் கிழமைக் கணக்கா எடுப்பினம், ஆனா பில் கேப்பினம், காச பாங்க்ல போடுவினம். பதிவும் அந்தப் பேரில ஒரு எக்கவுண்டும் இல்லாட்டி அந்த ஓடர் இடையில நிக்கிற யாவாரிக்குத்தான் போகும். வருமான வரி எண்டு பயந்து பதியாம இருக்கிறவைக்கு ஒண்டு சொல்லுறன், 2025 ஏப்ரலில இருந்து வருசத்துக்கு 18 இலட்சம் வரைக்கும் தனியாள் வருமானத்துக்கு வரி இல்ல, கத்தரியும் நாலு ஆடும் விக்கிறவை அந்த இடத்துக்கு வாறது லேசில்ல.

பண்ணை பெருசாகி நூற்றுக்கணக்கில கோழி, பட்டியா மாடு எண்டு வந்தா சுற்றாடல் பாதுகாப்பு உரிமமும் கேப்பினம். பக்கத்து வீட்டுக்கு மணம் போய் முறைப்பாடு வந்த பிறகு ஓடுறத விட கொட்டில் கட்ட முதலே சபையில கேளுங்கோ.

இதுக்கெல்லாம் புறோக்கரப் பிடிச்சுக் காசு குடுக்கத் தேவையில்ல. கிழக்கு மாகாணத்தில தமிழ் நிர்வாக மொழி, அதால படிவத்தத் தமிழில கேளுங்கோ, குடுக்கத்தான் வேணும். எந்தக் கந்தோரிலயாவது 'இன்னும் ஒரு கடிதம், இன்னும் ஒரு கடிதம்' எண்டு அலையவிட்டா என்னென்ன ஆவணம் வேணும், கட்டணம் எவ்வளவு எண்டு 2016ம் ஆண்டு 12ம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில எழுத்தில கேளுங்கோ, தருவினமா இல்லையா எண்ட முடிவ 14 வேலை நாளுக்குள்ள சொல்லோணும். பயிரப் பத்திச் சந்தேகமெண்டா விவசாயத் திணைக்களத்தின்ட 1920க்கும், எந்த அலுவலுக்கு எந்தக் கந்தோர் எண்டு தெரியாட்டி 1919க்கும் அடியுங்கோ.