ஒளிமரபியல் அல்ல, ஒளிவழி ஆள்கை

போன வாரம் கோட்டூர்புரத்தில் ஓர் அறிவியல் சொற்பொழிவு. ஈஸ்ட் செல்லின் பகுப்பை ஒளியால் நிறுத்துவதையும் நடத்துவதையும் பேச்சாளர் நன்றாகவே விளக்கினார். ஆனால் செல்லின் செயல்களை ஒளியால் ஆளும் இந்த முறைக்கு ஆங்கிலத்தில் உள்ள ஆப்டோஜெனடிக்ஸ் என்ற பெயர் வரவேண்டிய இடத்திலெல்லாம் ‘ஒளிமரபியல்’ என்றார். பக்கத்தில் இருந்த கல்லூரி மாணவி, “ஒளி பட்டா மரபணு மாறிடுமா சார்?” என்று என்னிடம் கேட்டார். இந்தச் சொல்லைக் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

கிரேக்கத்தில் ‘ஆப்டோஸ்’ என்றால் கண்ணுக்குத் தெரிவது. அதோடு மரபியலைக் குறிக்கும் ஜெனடிக்ஸ் சேர்ந்து, ஆப்டோஜெனடிக்ஸ் என்ற சொல் 2006 வாக்கில் நரம்பணு ஆய்வில் வழக்குக்கு வந்தது.

நடப்பது என்ன? செடிகளில் உள்ள ஃபைட்டோக்ரோம் என்னும் ஒளியுணர் புரதம் ஈஸ்ட்டில் கிடையாது. அதற்கான மரபணுவை முதலிலேயே உள்ளே வைத்துவிடுகிறார்கள். 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளி பட்டால் அந்தப் புரதம் தன் துணைப் புரதத்தைப் பற்றிக்கொள்ளும். 750 நானோமீட்டர் ஒளி பட்டால் விட்டுவிடும். பகுப்பை நடத்தும் சைக்ளின் என்னும் புரதத்தை அந்தத் துணையோடு பிணைத்தால், விளக்கை வைத்தே அதை வேண்டிய இடத்துக்கு இழுக்கலாம். ஒளி பட்டு இதில் மரபணு மாறுவதில்லை. ஒளி வேலை செய்வது புரதத்தின் மேல்.

தாவர மரபியல் என்றால் தாவரத்தின் மரபியல், மனித மரபியல் என்றால் மனிதரின் மரபியல். அப்படியானால் ஒளிமரபியல்? ஒளிக்கு ஏது மரபு! தொல்காப்பியத்திலேயே ‘மரபியல்’ என்று ஓர் இயல் உண்டு. அவ்வளவு பழைய சொல்லை இப்படி வீணடிப்பது வருத்தமாக இருக்கிறது.

‘ஒளிச்சேர்க்கை மட்டும் சரியா?’ என்று நண்பர் ஒருவர் மடக்கினார். சரிதான். சேர்க்கை ஒரு செயல். ஒளியால் நடக்கும் சேர்க்கை என்று மூன்றாம் வேற்றுமை தானாக விரியும். மரபியல் ஒரு துறையின் பெயர், அது அப்படி விரியாது. ஆகவே செயலைச் சொல்லும் ‘ஆள்கை’ வேண்டும். வெறும் ‘ஒளியாள்கை’ என்றால் ஒளியை ஆள்வது என்றும் படலாம். அதனால்தான் ‘ஒளிவழி ஆள்கை’ என்கிறேன். மரபணு இதில் விடுபடுகிறதே என்பார்கள். விடுபடட்டும், அது முன்னேற்பாடுதானே.

ஆங்கிலச் சொல்லை இரண்டாக உடைத்து, துண்டுக்குத் துண்டு தமிழ் ஒட்டுவதே நம் மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. அன்றைய அழைப்பிதழில் ‘செல் பிரிவு’ என்று வேறு போட்டிருந்தார்கள். ரிச்சி தெருவில் அப்படி ஒரு பலகை இருந்தால் கைபேசி விற்கும் இடம் என்றுதான் உள்ளே போவோம். ‘செல் பகுப்பு’ என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோமே, அப்புறம் ஏன் இது?