ரைஃபிள்: புரியா, மரையா, துமுக்கியா?

தமிழில் ‘துப்பாக்கி’ என்ற ஒரே சொல் எத்தனை பேருக்கு உழைக்கிறது பாருங்கள். போலீஸ்காரர் இடுப்பில் இருப்பதும் துப்பாக்கி, தேசிய சேவைக்குப் போன பையன் தோளில் சுமப்பதும் துப்பாக்கி, ஊரில் தாத்தா கொக்கு சுட வைத்திருந்த நாட்டுச் சரக்கும் துப்பாக்கிதான். முதலாவதைக் கைத்துப்பாக்கி என்று ஒருவழியாகப் பிரித்துவிட்டோம். மற்றதை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டிப் போட்டுவிட்டோம். அதில் அதிகம் நசுங்கிப் போனது ரைஃபிள்.

சிங்கப்பூரில் இந்தச் சொல்லுக்குத் தப்பி வாழ முடியாது. புக்கிட் தீமா பக்கம் ரைஃபிள் ரேஞ்ச் சாலை இருக்கிறது, அந்தப் பெயரிலேயே ஓர் இயற்கைப் பூங்காவும் 2022இல் திறந்தார்கள். பதினெட்டு வயதுப் பையன்கள் கையில் எஸ்ஏஆர் 21 ரைஃபிளைக் கொடுக்கிறார்கள், அவர்களுடைய அப்பாமார் எம்16-ஐச் சுமந்தவர்கள். அணிவகுப்புத் திடலில் கட்டளைகள் மலாயில் வருவதால் அங்கே அது ‘செஞ்சாத்தா’ ஆகிவிடும், வீட்டுக்கு வந்ததும் மறுபடி ரைஃபிள். தமிழில் என்ன என்று கேட்டால் பையனும் விழிப்பான், அப்பாவும் விழிப்பார்.

சரி, சொல்லின் பிறப்புக்குப் போவோம். பழைய பிரெஞ்சில் ‘ரிஃப்லே’ என்றால் கீறு, சுரண்டு. ஜெர்மானிய மொழிகளிலும் இதே சாயலில் பள்ளம் வெட்டுவதைக் குறிக்கும் சொற்கள் உண்டு. ஆங்கிலத்தில் அது முதலில் வினைச்சொல்லாகத்தான் இருந்தது: குழலின் உட்சுவரில் சுருளாகப் பள்ளம் வெட்டுவது. 17ஆம் நூற்றாண்டில் அந்தப் பொருளில் வழங்கி, அடுத்த நூற்றாண்டில் அப்படி வெட்டப்பட்ட துப்பாக்கிக்கே பெயராகிவிட்டது. இழுப்பறை எல்லாவற்றையும் கிளறித் தேடுவதற்கு ஆங்கிலத்தில் சொல்லும் வினைச்சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததுதான், கொள்ளையடிப்பது என்ற பொருள் வழியாக.

ஆக, ரைஃபிள் என்ற பெயரில் சுடுவதும் இல்லை, வெடிப்பதும் இல்லை. உள்ளே ஓடும் பள்ளத்தின் பெயர் அது.

நம் ‘துப்பாக்கி’யின் கதை வேறு. துருக்கியில் ‘தூஃபெக்’, பாரசீகத்தில் ‘துஃபங்’, இந்துஸ்தானியில் ‘துபக்’, தெலுங்கில் ‘துபாகி’, அப்புறம் தமிழில் துப்பாக்கி. குறளிலேயே துப்பாக்கி வருகிறதே என்று வாட்ஸாப்பில் ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறையாவது கிளம்பிவிடுவார். அங்கே ‘துப்பு’ என்றால் உணவு, ‘ஆக்கி’ என்றால் ஆக்கித் தந்து. மழையைப் பற்றிய குறள் அது, வள்ளுவரை விட்டுவிடுங்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நாம் துருக்கிக்காரரிடம் வாங்கிக்கொண்டிருந்தபோது மலாய்க்காரர்கள் நம்மிடம் வாங்கியிருக்கிறார்கள். மலாயில் துப்பாக்கிக்குப் பழைய பெயர் ‘பெடில்’. அது நம்முடைய வெடி, வெடில் என்பதிலிருந்து போனது என்று சொல்லாய்வாளர்கள் காட்டுகிறார்கள். வெடியுப்பும் கூடவே கப்பல் ஏறியிருக்கும். இன்றைக்கு மலாயில் புழங்கும் ‘செனாப்பாங்’ டச்சுச் சொல்லின் திரிபு. சீனத்தில் ‘லாய்ஃபூ சியாங்’ என்றொரு பெயர் உண்டு, அதில் லாய்ஃபூ என்பது ரைஃபிளின் ஒலியை அப்படியே வாங்கியது. நாலு மொழி பேசும் ஊரில் பள்ளத்தைப் பெயரில் வைத்துக்கொண்டிருப்பது ஆங்கிலம் மட்டும்தான், அதுவும் ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கே மறந்துபோன பிறகு.

பள்ளம் எதற்கு? வழவழப்பான குழலிலிருந்து வரும் உருண்டை எந்தப் பக்கம் திரும்பும் என்று சுட்டவனுக்கே தெரியாது. சுருள் பள்ளம் குண்டைப் பிடித்து முறுக்கிச் சுழலவிடுகிறது, வேகமாகச் சுழலும் பொருள் தன் அச்சை லேசில் விட்டுக்கொடுக்காது, அதனால் மூக்கு முன்னால் இருக்க நேராகப் போகிறது. இதை முதலில் விரும்பி வாங்கியவர்கள் படைவீரர்கள் அல்ல, ஜெர்மானிய வேட்டைக்காரர்கள். ‘யேகர்’ ரைஃபிள் என்று பெயர், யேகர் என்றால் வேடன். படைகள் தள்ளியே நின்றதற்குக் காரணமும் அதே பள்ளம்தான்: குண்டு பள்ளத்தில் அழுந்த வேண்டுமானால் இறுக்கமாக இருக்க வேண்டும், அதை வாய்ப்பக்கத்திலிருந்து இடித்து இறக்க நேரம் பிடிக்கும், எதிரி அதுவரை காத்திருக்க மாட்டான்.

1849இல் பிரான்சில் மினியே குண்டு வந்துதான் இந்தத் தொல்லை தீர்ந்தது. குழலைவிடச் சற்றுச் சிறிதாக எளிதில் இறங்கும், சுடும்போது அடிப்பாகம் விரிந்து பள்ளத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்த வழியில் வந்த 1853 என்ஃபீல்டு ரைஃபிளைக் கம்பெனிப் படைக்குக் கொடுத்தார்கள். குண்டு வழுக்கி இறங்கத் தோட்டாக் காகிதத்தில் கொழுப்பு தடவியிருந்தது, அது பசுவா பன்றியா என்ற பேச்சு 1857இல் எங்கே போய் முடிந்தது என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். பாடப்புத்தகம் கொழுப்பைச் சொல்லும், பள்ளத்தைச் சொல்லாது. பள்ளம் இல்லாவிட்டால் அந்தக் கொழுப்புக்கு அங்கே பெரிய வேலையே இல்லை.

இன்றைக்கும் வேட்டைக்கு ரைஃபிள் வாங்குகிறவர் கேட்கும் கேள்விகளில் பாதி இந்தப் பள்ளத்தைச் சுற்றித்தான். முதலில் ஒன்று: சிங்கப்பூரில் இதற்கெல்லாம் இடமே இல்லை. அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் சிறையும் பிரம்படியும், குற்றம் செய்யும்போது சுட்டால் மரண தண்டனை. மண்டாய் பக்கம் இரவில் சாலையோரம் மிளா (கடமான்) நிற்பதைப் பார்த்தால் வண்டியை மெதுவாக்குவதோடு சரி. 1930இல் சுவா சூ காங்கில் கடைசிப் புலியைச் சுட்டதோடு இந்தத் தீவின் பெருவேட்டைக் கதை முடிந்தது. (1902இல் ராஃபிள்ஸ் ஹோட்டல் பில்லியர்ட்ஸ் அறைக்கு அடியில் பதுங்கிய புலியை ராஃபிள்ஸ் கல்வி நிலையத்துத் தலைமையாசிரியர் ரைஃபிளால் சுட்டார். மூன்று சொல்லும் ஒரே வாக்கியத்தில் வந்து நாக்கைக் கடிக்க வைக்கும் சம்பவம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.)

ஆஸ்திரேலியாவில் நிலைமை வேறு. விக்டோரியா மாநிலக் காடுகளில் மிளா, வெள்ளைக்காரர் காலத்தில் கொண்டுவந்து விட்டது, இன்று பெருகிக் கிடக்கிறது, உரிமம் வாங்கி வேட்டையாடுகிறார்கள். எதைக்கொண்டு வேண்டுமானாலும் சுட விடமாட்டார்கள். மிளாவுக்குக் குறைந்தது .270 அங்குலக் குழல் விட்டம், குண்டு 130 கிரெய்னுக்குக் குறையக் கூடாது. கிரெய்ன் என்பது பழைய தானிய எடை, 130 என்றால் சுமார் 8.4 கிராம். சிராங்கூன் சாலையில் நகை வாங்குகிறவர்கள் ஒரு பவுனுக்குக் கொஞ்சம் மேலே என்று நினைத்துக்கொள்ளலாம். எம்16-இன் பழைய தோட்டாவில் குண்டு வெறும் 55 கிரெய்ன், மூன்றரை கிராம். அதனால்தான் ஆர்மியில் சுட்ட அனுபவத்தை வைத்துக்கொண்டு பெருவிலங்கு வேட்டையைப் பற்றிப் பேசக்கூடாது. குண்டின் அமைப்பும் வேறு: படைக்குண்டு முழுவதும் செப்பு உறை போட்டு ஊடுருவிப் போய்விடும், வேட்டைக்குண்டின் மூக்கு மென்மையாக இருந்து உடலுக்குள் விரிய வேண்டும், அப்போதுதான் விலங்கு காயத்தோடு ஓடி எங்கோ கிடந்து சாகாமல் அங்கேயே விழும். ஆப்பிரிக்காவில் யானை, காட்டெருமை என்று போனால் பல நாடுகளில் .375-க்குக் கீழே பேச்சே இல்லை. 1912இல் வந்த .375 ஹாலந்து அண்டு ஹாலந்து தோட்டா இன்றும் அங்கே ராஜா. சுடும்போது தோளில் விழும் அதன் உதை .308 தோட்டாவின் உதையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுப்பவருக்குப் பெரிய தோட்டா எந்த நன்மையும் செய்யாது. தாங்கக்கூடியதில் பெரியதை எடுங்கள் என்பதுதான் விஷயம் தெரிந்தவர்கள் சொல்வது.

இந்த எண்களிலும் பள்ளம் விளையாடுகிறது. குழலுக்குள் பள்ளமும் இருக்கிறது, பள்ளங்களுக்கு நடுவே மேடும் இருக்கிறது. அளவை மேட்டிலிருந்து மேட்டுக்கு எடுப்பதா, பள்ளத்திலிருந்து பள்ளத்துக்கா? .270 என்பது மேட்டளவு, அதில் போகிற குண்டின் விட்டம் .277. ஆனால் .308 என்பது பள்ளத்தளவு. .303 மறுபடி மேட்டளவு, குண்டு .311. ஒரே கணக்கு என்று நினைத்துக் குழம்பாதவர் இல்லை.

பள்ளம் ஒரு முழுச் சுற்றுச் சுற்ற எவ்வளவு நீளம் எடுக்கிறது என்பது அடுத்தது. .270-க்கு வழக்கமாக 10 அங்குலம். நொடிக்கு 3,000 அடி வேகத்தில் வெளியே வரும் குண்டு அப்படியானால் நொடிக்கு 3,600 முறை சுழல்கிறது. நீளமான, கனமான குண்டுக்குச் சுருள் நெருக்கமாக வேண்டும். எம்16ஏ1-இல் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்றாக இருந்ததை, நீளமான புதுக் குண்டுக்காக ஏ2-வில் 7 அங்குலமாக இறுக்கினார்கள்.

பொருத்தும் வேலையில் எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. குழலுக்கும் அதைத் தாங்கும் மரக்கட்டைக்கும் நடுவே ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகி முன்னாலிருந்து பின்னால் இழுக்க வேண்டும். தடையில்லாமல் வந்தால் சரி. எங்காவது பிடித்தால் கட்டை குழலைத் தொடுகிறது, குழல் சூடானதும் அல்லது மழையில் மரம் ஊறியதும் குண்டு வேறு பக்கம் போகும். ஈரக்காட்டில் மிளா தேடுபவர்கள் மரக்கட்டையை விட்டுவிட்டுச் செயற்கைக் கட்டைக்கு மாறுவது இதனால்தான்.

ரைஃபிள் மேல் மாட்டும் தொலைநோக்கியான ஸ்கோப்பில் 3-9x40 என்று எழுதியிருந்தால் மூன்று முதல் ஒன்பது மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 40 மில்லிமீட்டர். அடர்காட்டில் மூன்றிலேயே வைத்திருப்பதுதான் புத்திசாலித்தனம், ஒன்பதில் வைத்தால் பக்கத்தில் நிற்கும் விலங்கின் ரோமம்தான் தெரியும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் மூன்றரை நாலு அங்குலம் இடைவெளி விட்டு மாட்ட வேண்டும். விடாதவர்களை, உதையில் ஸ்கோப் இடித்துப் புருவத்தில் விழுந்த பிறைத் தழும்பை வைத்தே அடையாளம் கண்டுகொள்ளலாம்.

அப்புறம் குறி நேராக்குவது. நம் பையன்கள் ‘ஸீரோ’ போடுவது என்பார்கள், அதேதான். குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டைக் கழற்றிவிட்டுக் குழல் வழியாகவே 25 கஜத்தில் இருக்கும் இலக்கைப் பார்த்து, ரைஃபிளை அசைக்காமல் ஸ்கோப்பின் குறியை அங்கே கொண்டுவந்தால் தோட்டா பாதி மிச்சம். பிறகு சுட்டுச் சரிபார்த்து 100 கஜத்துக்குப் போக வேண்டும், அங்கே நாலு ‘கிளிக்’ திருப்பினால் பெரும்பாலான ஸ்கோப்களில் குண்டு ஓர் அங்குலம் நகரும். .270-ஐ 200 கஜத்துக்கு நேராக்கினால் 100 கஜத்தில் ஒன்றரை அங்குலம் மேலே படும், 300-இல் ஆறேழு அங்குலம் கீழே. நெஞ்சைக் குறிவைத்தால் நடுவில் கணக்குப் போட வேண்டியதில்லை. சுட்டுச் சுட்டுச் சூடான குழலில் குண்டுகள் இலக்கில் நெருங்கி விழுவதைப் பார்த்து மகிழ வேண்டாம், காட்டில் கிடைப்பது குளிர்ந்த குழலின் முதல் குண்டு ஒன்றுதான்.

இப்போது தமிழுக்கு வருவோம். மூன்று சொற்கள் போட்டியில் இருக்கின்றன. ‘துமுக்கி’ என்று இணையத்தில் சிலர் எழுதுகிறார்கள். துருக்கியை விலக்குவதற்கு நல்லதுதான், ஆனால் பள்ளத்தைப் பற்றி அது வாயே திறக்கவில்லை. ‘மரைகுழல் துப்பாக்கி’ என்பது அடுத்தது. தமிழ்நாட்டில் திருகாணியின் சுருளுக்கு மரை என்று பெயர், அந்த வகையில் பொருத்தமே. ஆனால் இலங்கைத் தமிழரிடம் சொல்லிப் பாருங்கள். அங்கே மரை என்றால் மிளா! வேட்டைக் கட்டுரையில் மரைத்துப்பாக்கி என்று எழுதினால் யாழ்ப்பாணத்துக்காரர் அதை மிளா சுடும் துப்பாக்கி என்றுதான் படிப்பார். பொருள் தற்செயலாகப் பொருந்திவிடும் என்பது வேறு விஷயம். ‘சுழல் துப்பாக்கி’ என்று எழுதுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள், அது ரிவால்வர்.

என் ஓட்டு ‘புரித்துப்பாக்கி’க்கு. புரி என்றால் முறுக்கு, சுருள். கயிற்றில் புரி இருக்கிறது, முப்புரி நூலில் இருக்கிறது, சிவனின் புரிசடையில் இருக்கிறது, இலங்கையில் திருகாணிக்கும் புரிதான். ‘புரிகுழல்’ என்று இன்னும் சுருக்கலாமே என்று தோன்றும், ஆனால் பழைய பாட்டுப் படித்தவர்களுக்கு அது சுருண்ட கூந்தல். புரியை எடுத்துக்கொண்டால் மற்றவை தானாக வந்து உட்காரும்: பள்ளம் வெட்டுவது புரியிடல், பள்ளம் புரிப்பள்ளம், நடுவே இருப்பது புரிமேடு, ஒரு சுற்றுக்கான நீளம் புரிநீளம். சுட்டவன் பக்கமிருந்து பார்க்கும்போது பெரும்பாலான ரைஃபிள்களில் சுருள் வலப்பக்கம் சுற்றுகிறது, பழைய லீ என்ஃபீல்டு போன்ற சிலவற்றில் இடப்பக்கம். நம்மிடம் சங்குக்கு வைத்த பெயர் தயாராக இருக்கிறது, .270 வலம்புரி, லீ என்ஃபீல்டு இடம்புரி. பேச்சில் ரைஃபிள் என்றே சொல்லிக்கொள்ளுங்கள், யாரும் தடுக்கப் போவதில்லை. எழுதும்போது, அதுவும் ஒரே பத்தியில் கைத்துப்பாக்கியும் ரவைத் துப்பாக்கியும் சேர்ந்து வரும்போது, புரித்துப்பாக்கி என்று போட்டால் எது எது என்று படிக்கிறவருக்குத் தெரியும்.