ஆபரேஷன் லிஸ்டில் யார் கடைசி?

அறுவை சிகிச்சைப் பிரிவில் பாரபட்சம் என்றதும், மருத்துவர் யாரையோ விரட்டியடிக்கும் காட்சிதான் பலருக்கும் மனத்தில் வரும். அரசு மருத்துவமனையில் நான் பார்த்தவரை அப்படி நடப்பது அபூர்வம். இங்கே நடப்பது ஒத்திவைப்பு. அதை யாரும் பாரபட்சம் என்று நினைப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

மறுநாளுக்கான ஆபரேஷன் லிஸ்ட் முந்தைய நாளே தியேட்டருக்கும் மயக்கவியல் பிரிவுக்கும் போய்விடும். குழந்தைகளும் சர்க்கரை நோயாளிகளும் நெடுநேரம் பட்டினி கிடக்க முடியாது என்பதால் முதலில் வருவார்கள். சீழ் வைத்த புண்கள் கடைசியில். இதற்கெல்லாம் மருத்துவக் காரணம் உண்டு. ஆனால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி உள்ளவர்களையும் வழக்கமாகக் கடைசியில்தான் போடுகிறார்கள். அதற்குக் காரணம் பழக்கம் மட்டுமே. தொற்று ஏற்பட்ட புதிதில் பரிசோதனை காட்டிக்கொடுக்காது. ஆகவே எல்லோருடைய ரத்தத்தையும் தொற்று உள்ளதாகவே கருதிக் கையாள வேண்டும் என்பதுதான் விதி. கையுறையும் கருவிச் சுத்திகரிப்பும் முதல் நோயாளிக்கு ஒன்று, கடைசி நோயாளிக்கு ஒன்று என்று இருக்கக் கூடாது.

கடைசியில் இருந்தால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். காலையில் குடல்வால் வெடித்து ஒருவர் வருவார், விபத்தில் அடிபட்டு இன்னொருவர் வருவார். அவசர சிகிச்சை முந்தும், லிஸ்டின் வால் வெட்டுப்படும். தெளிந்த தண்ணீரை மயக்க மருந்து கொடுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்புவரை குடிக்கலாம் என்கின்றன மயக்கவியல் நெறிமுறைகள். ஆனால் வார்டில் இரவு பத்து மணிக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்று எல்லோருக்கும் ஒரே உத்தரவு. அப்படிக் கிடந்தவரிடம் பிற்பகல் மூன்று மணிக்கு, "இன்றைக்கு இல்லை, சாப்பிட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லப்படும். குடலிறக்கத்தோடு வந்த சுமைதூக்கும் தொழிலாளிக்கு இன்னொரு வாரக் கூலியும் போய்விடும். சிகிச்சையில் நியாயமற்ற வேறுபாடு காட்டுவதை 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் தடை செய்கிறது. ஒத்திவைப்பும் அதற்குள் அடங்கும் என்பதே என் கருத்து.

ஒத்திவைக்கச் சொல்லப்படும் அடுத்த காரணம், "துணைக்கு ஆள் இல்லை." துணை தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒப்புதல் கையெழுத்துக்காகக் கணவரையோ அண்ணனையோ தேடுவது வீண். மயக்கத்தில் இருந்த பெண்ணின் தாயிடம் ஒப்புதல் வாங்கிக் கருப்பையை அகற்றிய சமீரா கோலி வழக்கில், அந்த ஒப்புதல் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2008இலேயே சொல்லிவிட்டது. தானே முடிவெடுக்கக்கூடிய வயதுவந்தவருக்கு அவருடைய கையெழுத்துதான் கையெழுத்து. திருநங்கையோடு வருபவர்களிடம் "நீங்கள் என்ன உறவு?" என்று துருவுவதையும் விட்டுவிடலாம். பிறந்த வீட்டார் வராத இடத்தில் வந்து நிற்பவர்கள் அவர்கள்தான்.

வெளிமாநிலக் கட்டுமானத் தொழிலாளிக்கு மேஸ்திரியே மொழிபெயர்ப்பாளர் ஆகிறார். கூலி கொடுப்பவர் முன்னால் எவர்தான் தன் நோயை முழுதாகச் சொல்வார்? எங்கள் யூனிட்டில் இந்தி தெரிந்த பயிற்சி மருத்துவர் யாராவது இருந்தால் அவரை அழைத்துக்கொண்டு, மேஸ்திரியை வெளியே உட்கார வைக்கிறோம். ஒடியா பேசுபவர் வந்தால் இன்னும் தடுமாற்றம்தான்.

ஒத்திவைத்தால் பெயருக்கு எதிரே காரணத்தை எழுதுவது, அடுத்த லிஸ்டில் அவரை முன்னால் ஏற்றுவது என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். காசு செலவில்லாத வேலை. காரணத்தை எழுத வேண்டும் என்றாலே கை கொஞ்சம் தயங்குகிறது.

உங்கள் ஆபரேஷனோ உங்கள் வீட்டாருடையதோ ஒத்திவைக்கப்பட்டால், காரணத்தையும் அடுத்த தேதியையும் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். தண்ணீர் எத்தனை மணிவரை குடிக்கலாம் என்று மயக்க மருந்து மருத்துவரிடமே கேளுங்கள். மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டுமென்றால், கூட வந்தவரை வெளியே அனுப்பச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு.