ஷாட்கன் சிதறல் துப்பாக்கி இல்லை

போன வாரம் ஒரு மொழிபெயர்ப்பைத் திருத்தித் தரச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அமெரிக்காவில் வீட்டுப் பாதுகாப்புக்கு ஷாட்கன் வாங்க நினைப்பவர்களுக்கான வழிகாட்டி அது. முதல் வரியே "வீட்டைக் காக்க ஏற்ற சிதறல் துப்பாக்கி எது?" என்று தொடங்கியது. சப்டைட்டில்களில் இந்தச் சொல்லைப் பார்த்துப் பார்த்துச் சலித்திருந்தேன். இப்போது வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

சொல்லின் கதை சின்னதுதான். ஷாட் என்றதும் 'சுடுதல்' என்று எடுத்துக்கொண்டு 'சுடுதுப்பாக்கி' என்று எழுதியவர்கள் உண்டு. சுடாத துப்பாக்கி எது என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும். இங்கே ஷாட் என்பது செயல் இல்லை, ஒரு பண்டம். தோட்டாவுக்குள் மொத்தமாகப் போடும் சின்னச் சின்ன ஈய உருண்டைகளுக்கு அந்தப் பெயர். உருக்கிய ஈயத்தைச் சல்லடை வழியாக உயரத்திலிருந்து கொட்டினால், விழும்போதே உருண்டையாகி, கீழே தண்ணீரில் இறுகிவிடும். இந்த முறைக்கு 1782-ல் பிரிஸ்டல் நகரத்து வில்லியம் வாட்ஸ் காப்புரிமை வாங்கினார். துப்பாக்கி என்ற நம் சொல்லும் வந்த சொல்தான். துருக்கியின் துஃபெக், உருதுவின் துபக், ஈழத்தின் துவக்கு, மலையாளத்தின் தோக்கு எல்லாம் ஒரே குடும்பம். பன்னிரண்டாம் குறளில் வரும் 'துப்பாக்கி'க்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை.

சரி, சிதறலுக்கு வருவோம். உருண்டைகள் சிதறத்தானே செய்கின்றன, பெயரில் என்ன தப்பு என்று கேட்கலாம். எவ்வளவு தூரத்தில் எவ்வளவு சிதறும் என்பதில்தான் தப்பு. ஒரு கஜத்துக்கு ஓர் அங்குலம் விரியும் என்பது துப்பாக்கிக்காரர்களின் கைக்கணக்கு. ஓர் அறையின் நீளம் ஐந்து கஜம் என்று வைத்தால், எதிர்ச்சுவரில் விழும் வட்டம் ஐந்து அங்குலம். கையை விரித்து வைத்தால் மறைந்துபோகும். சில தோட்டாக்களில் அதற்கும் குறைவு. ஆனால் 'சிதறல் துப்பாக்கி' என்று படிக்கிறவர் மனத்தில் என்ன ஓடும்? குறி பார்க்கவே வேண்டாம், கதவுப் பக்கம் திருப்பிச் சுட்டால் அறை முழுக்கத் தெறிக்கும் என்றுதான். ஷாட்கன் பற்றிய பழைய மூடநம்பிக்கையே இதுதான். அந்த வழிகாட்டியும் மூன்றாம் பக்கத்தில் 'குறி பார்த்தே சுட வேண்டும்' என்று எச்சரிக்கிறது. மொழிபெயர்ப்பாளர் தலைப்பில் ஒரு பொய்யை வைத்துவிட்டு, மூன்றாம் பக்கத்தில் அதை மறுக்கிறார்.

'வேட்டைத் துப்பாக்கி' என்பது இன்னொரு பழக்கம். பறவை வேட்டையில் பிறந்த துப்பாக்கிதான், மறுக்கவில்லை. ஆனால் மானையும் பன்றியையும் ரைஃபிளால்தானே பெரும்பாலும் சுடுகிறார்கள்? அதுவும் வேட்டைத் துப்பாக்கிதான். 'வீட்டுக் காவலுக்கு வேட்டைத் துப்பாக்கி' என்று எழுதினால் யார் யாரை வேட்டையாடப் போகிறார்கள் என்று தோன்றுகிறது. 'இரட்டைக்குழல்' கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இந்த வழிகாட்டி பேசும் பம்ப் ஆக்‌ஷன் வகைக்கு, அதாவது முன்பிடியைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் வகைக்கு, குழல் ஒன்றுதான்.

நான் சொல்வது ரவைத் துப்பாக்கி. நம் அகராதிகளில் ரவைக்குச் சிறு குண்டு என்ற பொருள் பழையது. நொய் போல் பொடிப்பொடியாக இருப்பது என்ற படமும் அதிலேயே இருக்கிறது. ஈழத்தில் எந்தத் துப்பாக்கிக் குண்டையும் ரவை என்பார்கள், அது ஒரு சங்கடம்தான். தனித்தமிழ் நண்பர்கள் ரவையும் இரவல் என்பார்கள். இருக்கட்டும். துருக்கிக்காரனோடு அதுவும் உட்கார்ந்துவிட்டுப் போகிறது. 'சிதறுசுடுகலன்' என்று ஒன்றைச் செய்துகொண்டு வருவதைவிட இது எவ்வளவோ மேல்.

எனக்கு ரவை பிடிக்க வேறொரு காரணமும் உண்டு. துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கும்போது பாதிப் பேச்சு ரவையைப் பற்றித்தான். பக்‌ஷாட் என்றால் மானுக்கான பெரிய ரவை. அதில் இரட்டைச் சுழி (00) என்கிற அளவு ஒவ்வொன்றும் 8.4 மில்லிமீட்டர். வழக்கமான 12 கேஜ் தோட்டாவில் எட்டு, ஒன்பது இருக்கும். அறைகளுக்கு நடுவில் இருக்கும் மெல்லிய தடுப்புச் சுவரைத் துளைத்துக்கொண்டு அடுத்த அறைக்கே போய்விடும். அங்கே தூங்குவது உங்கள் குழந்தையாக இருக்கலாம். பேர்ட்ஷாட் குருவிக்கான ரவை. எட்டாம் எண் ரவை 2.3 மில்லிமீட்டர்தான், ஓர் அவுன்ஸில் நானூறு பக்கம் இருக்கும். சுவரைத் தாண்டி இது அவ்வளவு போகாது, ஆளுக்குள்ளும் ஆழமாக இறங்காது. மான் ரவை, குருவி ரவை என்று எழுதினால் இந்த வித்தியாசம் பெயரிலேயே தெரிந்துவிடும். கையில் இருந்த பிரதியில் 'ஆண்மான் சுடல்' என்று இருந்தது. ஸ்லக் என்பது ஒற்றைக் கனத்த குண்டு. ஆங்கிலத்தில் ஓடில்லா நத்தைக்கும் அதே பெயர் என்பதால் 'நத்தை' என்று எழுதியிருந்தார்கள்.

குழல் துளையின் அளவைச் சொல்லும் கேஜ் படும் பாடு தனி. '12 அளவுமானி' என்று ஒருவர் எழுதுகிறார். துளை என்ற பொருள்கொண்ட ஆங்கில 'bore'-ஐ அப்படியே '12 போர்' என்று இன்னொருவர் எழுத, பன்னிரண்டு யுத்தம் பார்த்த துப்பாக்கி போல இருக்கிறது. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டை எந்தக் குழலில் சரியாகப் பொருந்துமோ அதுதான் 12 கேஜ். உருண்டைக்குச் சுமார் 38 கிராம், குழலின் துளை 18.5 மில்லிமீட்டர். இருபதாகப் பிரித்தால் உருண்டை சிறுக்கும், துளையும் சிறுக்கும். அதனால் 20 கேஜில் பின்னுதைப்பும் பொதுவாகக் குறைவு. எண் ஏறினால் துப்பாக்கி இறங்குகிறது. இது தெரியாமல் 'கூடுதல் வலிமை வேண்டுவோர் 20-ஐ வாங்கலாம்' என்று தலைகீழாக எழுதியிருந்தார்கள். மூலத்தில் 'உதை தாங்காதவர்கள்' என்று இருந்ததை எப்படி அப்படி ஆக்கினார்களோ! அகராதியைத் திறக்கிறார்கள், பொருளைத் திறந்து பார்ப்பதில்லை. கேஜை கேஜ் என்றே விட்டு, அடியில் ஒரு வரி விளக்கம் போடச் சொன்னேன்.

திருத்திய பிரதி நேற்று ஒப்புதலுக்கு வந்தது. தலைப்பில் ரவைத் துப்பாக்கி ஏறியிருந்தது. மான் ரவை, குருவி ரவை இரண்டும் ஏறியிருந்தன. நத்தை மட்டும் அப்படியே ஊர்ந்துகொண்டிருந்தது.