ஆறு மூன்றானால் வெற்றியா?

போதை மீட்பு பற்றி நான் முன்பு எழுதிய கட்டுரையைப் படித்த வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "அமெரிக்கக் கிராமப்புறங்களில் போதைச் சிகிச்சைக்கென்று நிறைய மானியம் தருகிறார்களாமே, அந்தப் பணத்தால் பலன் உண்டா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? சாவு குறைந்ததா என்று பார்த்தால் போதாதா?"

போதாது. ஏன் போதாது என்பதற்குப் பின்னால் அழகான ஒரு கணக்கு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பின்னணி. ஓபியாய்டு எனப்படும் அபின் வகை மருந்துகளால் வந்த பெருஞ்சாவை எதிர்கொள்ள, 2018-ல் அமெரிக்க அரசின் சுகாதாரச் சேவை அமைப்பான எச்.ஆர்.எஸ்.ஏ. ஊரகப் பகுதிகளுக்கென 'ஆர்கார்ப்' என்ற மானியத் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் திட்டமிடுவதற்கு 95 அமைப்புகளுக்குத் தலா 2 லட்சம் டாலர் வரை கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு, களத்தில் இறங்கி வேலை செய்ய 80 அமைப்புகளுக்குத் தலா 10 லட்சம் டாலர், மூன்று ஆண்டுகளுக்கு. தனியொரு அமைப்பு வாங்க முடியாது. மருத்துவமனை, காவல் துறை, பள்ளி, தொண்டு நிறுவனம் எனப் பலரும் கூட்டாகச் சேர்ந்தால்தான் பணம். வாங்கியவர்கள் குறிப்பிட்ட கால இடைவெளியில் கணக்குக் கொடுக்க வேண்டும்: எத்தனை பேரைப் பரிசோதித்தீர்கள், எத்தனை பேருக்கு மருந்துடன் கூடிய சிகிச்சை தொடங்கினீர்கள், எத்தனை நலோக்சோன் கொடுத்தீர்கள் என்று.

நலோக்சோன் அளவு மீறிய போதையில் மூச்சு நின்றுபோகிறவரை மீட்கும் மருந்து. மூளையின் ஏற்பிகளில் ஒட்டிக்கொண்ட ஓபியாய்டைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளும். சில நிமிடங்களில் மூச்சு திரும்பும். 500 டப்பா கொடுத்தோம் என்ற எண், அலமாரியிலிருந்து 500 டப்பா வெளியே போனதைத்தான் சொல்கிறது. எத்தனை உயிர் பிழைத்தது என்பது அதில் இல்லை. அப்படியானால் நேராகச் சாவையே எண்ணிவிடலாமே? இங்கேதான் சிக்கல்.

அமெரிக்காவில் கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம் மாதிரியான நிர்வாக அலகு. ஆனால் ஊரகக் கவுண்டிகள் பலவற்றில் 20,000 பேர்தான் இருப்பார்கள். நம் ஊராட்சி ஒன்றியம் ஒன்றில் அதைவிடப் பல மடங்கு கூட்டம். 2022-ல் அந்நாட்டில் அளவு மீறிய போதையால் இறந்தவர்கள் சுமார் 1,08,000 பேர், அதாவது ஒரு லட்சம் பேருக்கு 32.6. இதே விகிதத்தை நம் 20,000 பேர் கவுண்டிக்குப் போட்டால் ஆண்டுக்குச் சுமார் ஆறு சாவு.

இப்போது ஒரு கற்பனை. இப்படிப்பட்ட 100 கவுண்டிகள். எல்லாவற்றிலும் உண்மையான ஆபத்து ஒன்றே. சராசரி ஆண்டுக்கு ஆறு. எங்கும் மானியம் இல்லை, சிகிச்சை இல்லை, எதுவும் மாறவில்லை. ஆனாலும் ஆண்டு முடிவில் சுமார் 15 கவுண்டிகளில் மூன்றோ அதற்கும் குறைவாகவோதான் சாவு பதிவாகியிருக்கும். இன்னொரு 15-ல் ஒன்பது அல்லது அதற்கு மேல். இங்கெல்லாம் பெயருக்கு ஒரு மானியம் இருந்திருந்தால், யாரும் எதுவும் செய்யாமலே ஓரிடத்தில் 'சாவு பாதியானது' என்று பாராட்டு விழா நடக்கும். இன்னோரிடத்தில் 'பணம் வீண்' என்று நிதி நிறுத்தப்படும்.

இதை எங்கிருந்து கணக்கிட்டேன்? பாய்சான் பரவல். அரிதாகவும் ஒன்றையொன்று சாராமலும் நடக்கும் நிகழ்வுகளின் எண்ணிக்கை எப்படிச் சிதறும் என்பதை, சராசரி என்ற ஒரே எண்ணைக் கொண்டு சொல்லிவிடும் சூத்திரம். இதை நான் முழுசாக நம்பத் தொடங்கியது புள்ளியியலாளர் போர்ட்கேவிச்சின் குதிரைக் கணக்கைப் பார்த்த பிறகுதான். 1898-ல் அவர் பிரஷ்யக் குதிரைப்படையில் குதிரை உதைத்து இறந்த வீரர்களை எண்ணினார். 10 படைப்பிரிவுகள், 20 ஆண்டுகள். ஆக 200 பதிவுகள். மொத்தச் சாவு 122, அதாவது ஒரு பிரிவுக்கு ஓர் ஆண்டில் சராசரி 0.61. இந்த ஓர் எண்ணைச் சூத்திரத்தில் போட்டால், 'சாவே இல்லை' என்ற பதிவு 108.7 இடத்தில் இருக்க வேண்டும் என்கிறது. உண்மையில் இருந்தது 109. ஒரு சாவு 66.3 இடத்தில், இருந்தது 65. இரண்டு சாவு 20.2 இடத்தில், இருந்தது 22. ஒரே ஆண்டில் நான்கு பேரை இழந்த பிரிவும் ஒன்று உண்டு. அதன் தளபதியை யாராவது கடிந்திருப்பார்கள். அப்படியொன்று நடக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்பது சூத்திரத்துக்கு முன்பே தெரியும்! இந்தப் பட்டியலை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

போதைச் சாவுகள் குதிரை உதையைவிட மோசமாகச் சிதறும். ஃபென்டனில் என்ற மிகக் கடுமையான ஓபியாய்டு கலந்த சரக்கு ஒன்று ஊருக்குள் வந்தால் ஒரே வாரத்தில் நான்கு பேர் போவார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யின் பொதுத் தரவுத்தளத்தில், கவுண்டி அளவில் பத்துக்குக் குறைவான சாவு எண்ணிக்கையைக் காட்டவே மாட்டார்கள், தனிநபர் அடையாளம் தெரிந்துவிடும் என்பதால். 20-க்குக் குறைவென்றால் விகிதத்தின் பக்கத்தில் 'நம்பத் தகாதது' என்று குறிப்பு இருக்கும். நம் கவுண்டியின் ஆறு, வெளியே தெரியக்கூடத் தெரியாது.

இதைவிட நுட்பமான பொறி இன்னொன்று. மானியம் யாருக்குப் போகிறது? நிலைமை மிக மோசமான இடங்களுக்கு. அது நியாயம்தான். ஆனால் நம் 100 கவுண்டிகளில் ஒன்பதும் அதற்கு மேலும் சாவு கண்ட அந்த 15-ஐ மட்டும் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அவற்றின் அவ்வாண்டுச் சராசரி பத்து. அடுத்த ஆண்டு, ஒன்றும் செய்யாமலே, சராசரி ஆறுக்கு இறங்கும். 40 சதவீத வீழ்ச்சி, முழுக்கத் தற்செயல். சராசரிக்குத் திரும்புதல் என்று இதற்குப் பெயர்.

நம் ஊரில் குடியை நிறுத்தக் கோயிலுக்கு அழைத்துப்போய்க் கயிறு கட்டுவார்களே, அது எப்போது நடக்கும்? நகையை விற்றுக் குடித்து, தெருவில் விழுந்து, வீடே நொந்துபோன வாரத்தில். அதைவிட மோசமான வாரம் வருவது அரிது; அடுத்த வாரம் எப்படியும் கொஞ்சம் தேவலையாக இருக்கும். பேர் கயிற்றுக்குப் போகும். ஊர் முன் சத்தியம் செய்வதால் சிலருக்கு உறுதி கூடலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றில் கலக்கச் சொல்லி ரகசியப் பொடி விற்கிறவர்கள் பிழைப்பு நடத்துவது இந்தக் கணக்கின் மேல்தான். அவர்களை நான் மன்னிக்கமாட்டேன்.

கயிற்றிலிருந்து சிகிச்சையைப் பிரித்தறிய ஒரே வழி, அதே நிலையில் உள்ள இன்னோர் ஊரைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. 2019-ல் தொடங்கிய 'ஹீலிங் கம்யூனிட்டீஸ்' ஆய்வு அதைத்தான் செய்தது. கென்டக்கி, மாசசூசெட்ஸ், நியூயார்க், ஒஹையோ மாநிலங்களில், ஊரகமும் நகரமுமாக 67 சமூகங்களை எடுத்துச் சீட்டுக் குலுக்கினார்கள். 34-ல் சாவைத் தடுக்கும் தீவிர வேலை உடனே, 33 காத்திருந்தன. 2024-ல் முடிவு வெளியானது: வேலை நடந்த இடங்களில் ஒரு லட்சம் பேருக்கு 47.2 சாவு, மற்றவற்றில் 51.7. ஒன்பது சதவீதம் குறைவு. ஆனால் பிழை எல்லையைச் சேர்த்துப் பார்த்தால், உண்மை 24 சதவீதக் குறைவு முதல் 9 சதவீத உயர்வு வரை எங்கும் இருக்கலாம்.

34 கோடி டாலருக்கு மேல் செலவழித்துத் தோல்வி என்று எழுதினார்கள். எனக்கு அந்தக் கோபம் புரியவில்லை. நடுவில் கொரோனா வந்தது, ஃபென்டனில் பெருகியது. அங்கு திட்டமிட்ட 615 நடவடிக்கைகளில், ஒப்பிடும் ஆண்டு தொடங்கியபோது ஆரம்பிக்கப்பட்டிருந்தவை 235 மட்டும். நாற்று நடுவதற்குள் அறுவடைக்கு அரிவாளோடு போய் நின்ற கதை. மானியத்தை மூன்று ஆண்டோடு முடித்துக்கொள்ளும் பழக்கம் மாறாதவரை எந்த அளவுகோலும் உண்மையைச் சொல்லாது.

சரி, சின்ன ஊர் எதைத்தான் அளப்பது? சிகிச்சையில் தங்குவதை. புப்ரெனார்ஃபினும் மெத்தடோனும் ஓபியாய்டுத் தவிப்பை அடக்கும் மருந்துகள். 2017-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த தொகுப்பாய்வின்படி, ஆண்டுக்கு ஆயிரம் பேரில் மெத்தடோன் எடுப்பவர்கள் 11.3 பேர் இறக்கிறார்கள், விட்டவர்கள் 36.1 பேர், புப்ரெனார்ஃபினில் 4.3, விட்டவர்களில் 9.5. ஆக, தொடங்கியவர்களில் 180 நாள் இடைவிடாமல் தொடர்ந்தவர் எத்தனை பேர் என்ற எண் உயிரோடு நேரடியாக முடிச்சுப் போட்டது. எண்ணிக்கையும் பெரிது. 200 பேர் தொடங்கி, தங்கியவர்கள் 80-லிருந்து 100 ஆனால், அந்த அளவு மாற்றம் தற்செயலாக வருவது இருபதில் ஒரு முறைதான்.

இதிலும் ஏமாற்றலாம், எளிதாகத் தங்கக்கூடியவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டால் எண் அழகாகிவிடும். அதனால் வாசலுக்கு வந்தவர் எத்தனை பேர், உள்ளே சேர்ந்தவர் எத்தனை பேர் என்றும் கேட்க வேண்டும். அதற்கும் மேலே, வராமல் நின்றுபோனவர் என்ன ஆனார் என்பதைத் தெரிந்துகொள்ள யாராவது போய்ப் பார்த்தாக வேண்டும். இத்திட்டங்களில் போதையிலிருந்து மீண்டவர்களையே துணையாளராக வேலைக்கு வைக்கிறார்கள். மதிப்பீட்டுக்கு ஒதுக்கும் பணத்தில் முதல் பங்கு, அவர் நாற்பது மைல் ஓட்டிப்போய் ஒரு கதவைத் தட்டுவதற்கான பெட்ரோலுக்குப் போக வேண்டும் என்பேன்.