மாஸ்டர் யார் பெயரில் இருக்கிறது?

சொந்தமாக இசை லேபிள் (பாட்டுகளைப் பதிவு செய்து வெளியிடும் நிறுவனம்) தொடங்க வருகிறவர்களுக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுப்பது என் தொழில். அவர்களில் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பழைய சோல் இசைப் பித்துப் பிடித்தவர்களைப் பேச்சிலேயே கண்டுபிடித்துவிடலாம். நியூயார்க்கின் புரூக்ளினில் டாப்டோன் லேபிள்காரர்கள் செய்ததுபோல டேப்பில் பதிவு செய்ய வேண்டும், வாத்தியக்காரர்கள் எல்லோரும் ஒரே அறையில் வாசிக்க வேண்டும், முதல் வெளியீடு நிமிடத்துக்கு 45 சுற்று சுழலும் சிறிய இசைத்தட்டாக வர வேண்டும்... எல்லாம் முடிவாகியிருக்கும். மாஸ்டர், அதாவது பாட்டின் மூலப்பதிவு, யார் பெயரில் என்று கேட்டால், "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் சார்" என்பார்கள்.

அவர்கள் கும்பிடுகிற அமெரிக்க சோல் லேபிள் ஸ்டாக்ஸ் விழுந்தது அந்த இடத்தில்தான்.

ஜிம் ஸ்டூவர்ட் மெம்பிஸில் வங்கி ஊழியர். 1957 இல் அவர் தொடங்கிய இந்த லேபிளுக்கு ஆம்பெக்ஸ் ரெக்கார்டர் வாங்க, அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டன் தன் வீட்டை அடமானம் வைத்தார். மெக்லெமோர் அவென்யூவில் மூடிக்கிடந்த சினிமா தியேட்டர்தான் ஸ்டுடியோ. சரிவான தரையைக்கூட மட்டம் செய்யவில்லை. நொறுக்குத்தீனி விற்ற இடத்தில் எஸ்டெல் இசைத்தட்டுக் கடை போட்டு, பிள்ளைகள் எதைக் கேட்டு வாங்குகிறார்கள் என்று கவனித்துக்கொண்டிருந்தார். என்னைக் கேட்டால், அந்தக் கடைதான் ஸ்டாக்ஸின் மூளை.

1960 இல் ரூஃபஸ் தாமஸும் மகள் கார்லாவும் பாடிய பாட்டு உள்ளூரில் பிய்த்துக்கொண்டு போனது. நியூயார்க்கின் அட்லாண்டிக் லேபிளைச் சேர்ந்த ஜெர்ரி வெக்ஸ்லர் விநியோகத்துக்கு வந்தார். வெறும் வாய்ப்பேச்சிலேயே காலம் ஓடியது. 1965 இல்தான் பத்திரம். அட்லாண்டிக் கைமாறக்கூடும் என்ற பயத்தில், வெக்ஸ்லர் விலகினால் தானும் விலகலாம் என்ற ஷரத்தை ஸ்டூவர்ட் கேட்டு வாங்கினார். மற்றதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். அட்லாண்டிக் விநியோகித்த ஸ்டாக்ஸ் பதிவுகளின் மாஸ்டர்கள் அட்லாண்டிக்குக்கே சொந்தம் என்று உள்ளே இருந்தது.

1967 இல் அட்லாண்டிக் வார்னர் பிரதர்ஸ்-செவன் ஆர்ட்ஸுக்கு விற்கப்பட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. மாஸ்டர் பற்றிய அந்த ஷரத்து தனக்கே தெரியாது, வக்கீல்கள் எழுதியது என்று வெக்ஸ்லர் பின்னாளில் சொன்னார். (வக்கீல்கள் தலையில் போடுவது எப்போதுமே சுலபம்.) அதே ஆண்டு டிசம்பர் 10 ஆம் தேதி ஸ்டாக்ஸின் முன்னணிப் பாடகர் ஓடிஸ் ரெடிங் விமான விபத்தில் இறந்தார். சாம் அண்ட் டேவ் என்ற பாடகர் ஜோடி அட்லாண்டிக் இரவல் கொடுத்தவர்கள். அவர்களும் திரும்பிப் போனார்கள். விற்பதற்குப் பழைய பாட்டே இல்லாத லேபிளாகிப்போனது ஸ்டாக்ஸ். 1969 இல் ஸ்டாக்ஸ் நிர்வாகி அல் பெல் ஒரே மூச்சில் 27 ஆல்பங்களை இறக்கினார், பாடகர் ஐசக் ஹேய்ஸ் கைகொடுத்தார். அப்படியும் 1975 டிசம்பரில் திவால் நீதிமன்றம் கதவை மூடியது.

டெட்ராய்ட்டில் பெர்ரி கோர்டி வேறு மாதிரி ஆள். 1959 இல் குடும்பச் சேமிப்பிலிருந்து 800 டாலர் கடன் வாங்கி மோட்டவுன் லேபிளைத் தொடங்கியவர், பாட்டு, மெட்டு உரிமைகளை ஜோபெட் என்ற தனி பப்ளிஷிங் நிறுவனத்தில் வைத்தார். 1988 இல் லேபிளை 6.1 கோடி டாலருக்கு விற்றபோது ஜோபெட்டைக் கொடுக்கவில்லை. 1997 இல் அதில் பாதியை மட்டும் இ.எம்.ஐ. இசை நிறுவனம் 13.2 கோடி டாலருக்கு வாங்கியது. சரி, கோர்டி ஒன்றும் புண்ணியவான் இல்லை. அவருக்குப் பாட்டு எழுதிய ஹாலண்ட்-டோஜியர்-ஹாலண்ட் மூவரும் பங்குப்பணத் தகராறில் வெளியேறி, வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. உங்கள் ஒப்பந்தத்தின் மறுபக்கத்தில் பாடகரும் இசையமைப்பாளரும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 19 ஆம் பிரிவுப்படி, உரிமை மாற்றப் பத்திரத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். "உலகம் முழுவதும், நிரந்தரமாக" என்ற வரியின் கீழ் கையெழுத்துப் போட்டுவிட்டால் இது காப்பாற்றாது. என்னிடம் வரும் விநியோக ஒப்பந்தங்களில் அந்த வரி பெரும்பாலும் நடுப்பக்கத்தில், யாரும் நிதானமாகப் படிக்காத இடத்தில் இருக்கும். அதை அடித்துவிட்டு, விநியோகஸ்தருக்கு இத்தனை ஆண்டு என்று உரிமம் மட்டும் கொடுங்கள். காலம் முடிந்ததும் மாஸ்டர் கோப்புகளை எத்தனை நாளில் திருப்பித் தர வேண்டும் என்பதையும் எழுதி வாங்குங்கள். விநியோக நிறுவனமே கைமாறினால் என்ன ஆகும் என்பதற்கும் தனியாக ஒரு ஷரத்து வேண்டும்.